ளாத் எழுத்தும் கேட்கத் தெரிந்த எந்திரமும்

நோன்பு மாதத்தை வட இந்திய முஸ்லிம்கள் ரம்ஜான் என்பர். தமிழ் முஸ்லிம்கள் ரமழான் என்றும் ரமலான் என்றும் எழுதுவர். கேரளத்து மாப்பிள்ளைமாரின் பழைய வழக்கு ரமளான். இத்தனை வேறுபாட்டுக்கும் காரணம் ஓர் அரபு எழுத்து, ளாத். சிறுவர்கள் குர்ஆன் ஓதுவதைக் கேட்டுத் திருத்தும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் திறன்பேசிகளில் பெருகிவரும் இந்நாளில், அவ்வெழுத்தின் வரலாறு மீண்டும் பொருள் பெறுகிறது.

அரபியர் தம் மொழியையே 'ளாதின் மொழி' என்று பெருமையுடன் அழைத்தனர். எட்டாம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் ஸீபவைஹி, நாவின் ஓரம் கடைவாய்ப்பற்களை ஒட்டிப் பிறக்கும் ஒலியாக இதனை வரையறுத்தார். அதாவது லகர, ளகரங்களைப் போலக் காற்று பக்கவாட்டில் வெளியேறும் ஒலி. ஸ்பானிய மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே' என்னும் சொல் 'அல்காளீ' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. அதனுள் ஒரு லகரம் இன்றும் ஒலிக்கிறது. தமிழில் காழி, காஜி என இரண்டாய் வழங்குவதும் அதே சொல்தான்.

இந்தியாவுக்கு இவ்வெழுத்து இரு வழிகளில் வந்தது. நிலவழியே வந்தபோது பாரசீகத்தின் ஊடாக வந்தது. பாரசீகத்தில் இவ்வொலி இல்லை. ஜகரத்துக்கு நெருங்கிய ஓர் ஒலியே அதற்கு ஈடாயிற்று. உருதுப் பேச்சில் நான்கு அரபு எழுத்துகள் அந்த ஒரே ஒலியில் மயங்குவது இதனால்தான். கடல்வழியே ஏமன், ஹளரமௌத் கரைகளிலிருந்து வந்தபோது நாவோர ஒலியின் சாயல் மலபாரிலும் சோழமண்டலக் கரையிலும் தங்கியது. (ஹளரமௌத் என்ற பெயரிலேயே அவ்வெழுத்து இருக்கிறது.) இன்றைய அரபு காரிகளோ பெரும்பாலும் அதனை அழுத்தமான தகரம்போல் ஒலிக்கின்றனர்.

இது வெறும் மொழியியல் சுவை அன்று. ஃபாத்திஹா அத்தியாயத்தின் இறுதிச் சொல்லில் ளாத் வருகிறது. அன்றாடக் கடமைத் தொழுகையின் 17 ரக்அத்துகளிலும் ஃபாத்திஹா ஓதப்படுகிறது. அச்சொல்லைத் தவறாக ஒலித்தால் தொழுகை கூடுமா என்ற வினா வட இந்தியாவில் கடும் சர்ச்சையாக எழுந்து, ஃபத்வாக்களும் மறுப்பு நூல்களும் வெளிவந்தன. அச்சர்ச்சைக்கு ஏட்டில் முடிவு கிட்டவில்லை, கிட்டவும் முடியாது. மக்தபில் பிள்ளையின் எதிரே அமர்ந்து, அதன் வாயைப் பார்த்து, காதால் கேட்டுத் திருத்திய உஸ்தாதுகளிடமே அவ்வொலி உயிர் வாழ்ந்தது. பானிபட் என்றதும் பாடநூல்கள் மூன்று போர்களைச் சொல்கின்றன. ஓதற்கலை வல்லுநர் பலரை உருவாக்கிய ஊர் அது என்பதை யாரும் சொல்வதில்லை.

தொழில்நுட்பம் மக்தபுக்குப் புதிதன்று. 1858இல் லக்னோவில் தொடங்கப்பட்ட நவல் கிஷோர் அச்சகம், ஓர் இந்துப் பதிப்பாளருடையது, குர்ஆன் பிரதிகளை மலிவு விலையில் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. ஒலிப்பதிவுக் கருவி வந்தபோது பரேலியின் அஹ்மத் ரஸா கான் (1856–1921) அதைப் பற்றியே தனி நூல் எழுதினார். எந்திரத்திலிருந்து ஸஜ்தா வசனம் கேட்டால் சிரம் பணிய வேண்டுமா என்று அறிஞர்கள் வாதிட்டனர். 1961இல் எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் குரலில் முழுக் குர்ஆன் ஒலிப்பதிவு வெளியாயிற்று. பின்னர் ஒலிநாடா வந்தது. இவை அனைத்தும் பிள்ளைக்குக் காட்டின அல்லது ஓதிக் காட்டின. பிள்ளை ஓதுவதை எதுவும் கேட்கவில்லை. கேட்கும் பணி உஸ்தாதிடமே இருந்தது. அந்தப் பணிக்குள் நுழைந்த முதல் கருவி இப்போதைய செயலிதான்.

அதனால் பயன் உண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியை அருகில் இல்லாத ஊரில் குர்ஆன் மனனம் செய்யும் சிறுமிக்கு, விடுபட்ட சொல்லை அக்கணமே சுட்டிக்காட்டும் துணை சிறிதன்று. ஆனால் சொல் விடுபட்டதைக் கண்டறிவது ஒரு வேலை; நாவின் ஓரம் பல்லைத் தொட்டதா என்றறிவது முற்றிலும் வேறு வேலை. மேலும், எந்திரம் எக்குரல்களால் பயிற்றப்பட்டதோ அக்குரல்களையே 'சரி' என்று கொள்ளும். வளர்ந்த ஆண்களின் இன்றைய அரபு உச்சரிப்பே பயிற்சிக் குரல்களில் மிகுந்திருந்தால், மலப்புறத்துச் சிறுவன் தன் உஸ்தாதிடம் கற்ற ளாத் பிழையாகக் குறிக்கப்படக்கூடும். நூற்றாண்டுகளாக வாதிட்டும் தீராத ஒன்றை, எந்த வாதமும் இன்றி ஒரு மென்பொருள் தீர்த்துவிடும். தீர்ப்பு வழங்கப்பட்டதே யாருக்கும் தெரியாது.

உஸ்தாத் தரும் சனதில் அவருடைய ஆசிரியர், அவருக்கும் ஆசிரியர் எனப் பெயர்கள் நபிகளார் வரை தொடரும். பிழை நேர்ந்தால் எவரிடம் நேர்ந்தது என்று கேட்க இடமுண்டு. செயலிக்குக் குரல் தந்தோர் யார், எந்நாட்டவர், எவரிடம் ஓதியவர் என்பதை அதை உருவாக்கியோர் வெளியிட வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அன்று. மக்தபுக்கு இத்தகைய செயலியைக் கொண்டுவர எண்ணும் ஜமாஅத்தினர், முதலில் தம் ஊர் உஸ்தாதை அதன்முன் அமர்த்தி, ஃபாத்திஹாவின் இறுதிச் சொல்லை ஓதச் செய்து பார்க்கலாம்.