காகிதப்பூவும் ஓர் ஆண்வேடமும்

நம் ஊர்ச் சுற்றுச்சுவர்களில் கொத்துக்கொத்தாய்ச் சரிந்து தொங்கும் காகிதப்பூக்கொடி இம்மண்ணுக்கு உரியதன்று, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. (குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுள் இதையும் தேடும் மாணவர்கள் ஆண்டுதோறும் எனக்கு வாய்க்கிறார்கள்.) நீரை மிகுத்தால் இலையே தழைக்கும்; சுடுவெயிலும் காய்ந்த மண்ணுமே இதற்கு நிறம் தருவன. அந்த நிறமும் பூவினுடையதன்று. வண்ணமாய்த் தெரிபவை பூவடிச் செதில்கள். உண்மைப் பூக்கள் அவற்றினுள் ஒடுங்கிய சிறு வெண்குழல்கள். மணமின்றித் தாள்போல் சரசரப்பதைக் காகிதப்பூ என்றழைத்த தமிழரின் பெயரீடு எனக்கு மிகவும் உவப்பானது. உலகம் வழங்கும் போகன்வில்லா என்னும் பெயரோ ஒரு பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவருடையது.

1766இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட புகன்வில்லின் குழுவில் தாவரவியலாளராக இருந்தவர் பிலிபேர் கொமெர்சோன். 1767இல் ரியோ தெ ஜனைரோவில் இக்கொடியின் மாதிரி கிடைத்தது. கொமெர்சோன் அதற்குத் தலைவரின் பெயரைச் சூட்டினார். 1789இல் ழுஸ்யூவின் நூல்வழி அப்பெயர் அச்சேறியது.

அதைப் பறித்த கை எவருடையது? கொமெர்சோன் காற்புண்ணால் அவதியுற்றவர். காடுமேடெல்லாம் ஏறி இறங்கிச் செடிகளையும் கருவிகளையும் சுமந்தவன் அவருடைய இளம் உதவியாளன். சுமைவிலங்கு என்று கொமெர்சோனே அழைக்குமளவுக்கு உழைத்த அந்த 'இளைஞன்', ழான் பாரே என்னும் பெண். 1740இல் பர்கண்டியின் எளிய குடியொன்றில் பிறந்து, கொமெர்சோனின் வீட்டில் பணிபுரிந்தவர். பிரெஞ்சு அரசுக் கப்பல்களில் பெண்கள் பயணிக்கத் தடையிருந்தமையால் ஆணுடை தரித்தார். காகிதப்பூவை முதலில் பறித்தவர் அவராகவே இருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர் உண்டு. சான்று எழுத்தில் இல்லை. ஆனால் அந்தக் காலோடு கொமெர்சோன் புதர்களுக்குள் அலைந்தார் என்பதைவிட இதுவே எனக்கு நம்பத்தக்கதாய்த் தோன்றுகிறது.

1768இல் தாஹித்தியில் அவர் வேடம் கலைந்ததாகப் புகன்வில் எழுதியுள்ளார். இருவரும் மொரீஷியசில் இறங்கிவிட்டனர். 1773இல் கொமெர்சோன் அங்கேயே இறந்தார். பாரே மணமுடித்துச் சில ஆண்டுகளில் பிரான்சு திரும்பினார்; உலகைச் சுற்றிவந்ததாக நாமறிந்த முதற்பெண் அவரே. 1785இல் கடற்படை அமைச்சகம் ஆண்டுக்கு 200 லீவர் ஓய்வூதியம் அளித்தது. 1807இல் மறைந்தார்.

கொமெர்சோன் அவர் பெயராலும் ஒரு செடியைக் குறித்திருந்தார், அப்பெயர் நிலைக்கவில்லை. 2012இல்தான், ஈக்வடோரின் தெற்கிலும் பெருவின் வடக்கிலும் வளரும் கத்தரிப் பேரினத்துக் கொடியொன்றுக்கு சொலானம் பாரெத்தியே என்று பெயரிட்டனர். அதன் இலைகள் ஒரே வடிவில் நில்லாமல் பலவாறு மாறுபவை.