நள்ளிரவும் நெடுநேர இன்சுலினும்

வன்னிப் பெருநிலத்தில் நீரிழிவைச் 'சீனி வருத்தம்' என்றே பெரும்பாலோர் சொல்வர். 'சலரோகம்' என்பது மூத்தோர் வழக்கு. இப்பெயர்கள் நோயின் ஒரு பாதியை மட்டுமே சொல்லுகின்றன. குருதியிலே சீனி கூடுவது எல்லோரும் அறிந்த கேடு. அதற்கு மருந்தாக இன்சுலின் ஏற்றுபவருக்கு அச்சீனி அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடுவதும் உண்டு. அதுவும் வீடு முழுவதும் உறங்கும் நள்ளிரவிலே. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் 'சீனி கூடிப்போச்சு' என்று அஞ்சுவோர் பலர். 'சீனி இறங்கிப்போச்சு' என்று அஞ்சுவோர் மிகச் சிலர். இந்த இரண்டாவது அச்சத்துக்கும் நூறாண்டு வரலாறு உண்டு. நான் மருத்துவனல்லன், கலைப் பட்டம் பெற்றுப் பாடசாலை நடத்துபவன். ஆயினும், அரசர் கதைகளைப் படிப்பித்த எனக்கு இம்மருந்தின் கதை அவற்றிலும் சுவையுடையதாகவே தோன்றியது. அதனையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

1921ஆம் ஆண்டு கோடையிலே, கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், பான்ரிங் என்ற இளம் வைத்தியரும் பெஸ்ற் என்ற மாணவரும் நாயின் சதையியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அன்று பயன் சிறிது, சாறு தூய்மையற்றிருந்தது. கொலிப் என்ற இரசாயன அறிஞர் அதனைத் தூய்மையாக்கிக் கொடுத்த பின், அதே மாதம் 23ஆம் நாள் ஏற்றிய ஊசியே சிறுவனை மீட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட சிறுவர்க்கு வைத்தியர்கள் விதித்தது பட்டினியொன்றே. பட்டினியால் சில மாதம் வாழலாம், சில வேளை ஓரிரு ஆண்டு வாழலாம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கொலிப் தமது சாற்றை முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தபொழுது சில முயல்கள் வலிப்பெடுத்து விழுந்தன. குளுக்கோசு கொடுத்ததும் எழுந்தன. குருதிச் சீனி தாழ்ந்தால் மூளை தவிக்கும் என்பது அவ்விதம் தெளிவாயிற்று. பட்டினி கிடந்த முயலின் சீனியை வலிப்பு வருமளவுக்குத் தாழ்த்தும் மருந்தின் அளவையே தொடக்கத்தில் ஓர் அலகு என வகுத்தனர். இன்று நாம் ஊசிக்குழாயில் எண்ணுகின்ற 'யூனிற்' அதன் வழிவந்ததேயாம். ஆகவே, சீனி தாழ்தல் என்ற ஆபத்து பிற்காலத்தில் வந்து சேர்ந்ததன்று; மருந்தின் அளவுகோலோடேயே பிறந்தது.

முதற்காலத்து இன்சுலின் விரைவாக வேலை செய்து, ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் வலுவிழக்கும். எனவே நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை ஊசி போட வேண்டியிருந்தது. பகலிலே அது தொல்லை. இரவிலே அதைவிடத் தொல்லை. மாலையில் போட்ட ஊசி விடியுமுன் தீர்ந்துபோகும். நடுச்சாமத்திலே பிள்ளையை எழுப்பி ஊசி ஏற்றிய தாய்மார் பலர். ஒரு முறை போட்டால் இரவு முழுவதும் நின்று வேலை செய்யும் இன்சுலின் வேண்டும் என்ற ஏக்கம் இதனாலேயே எழுந்தது.

அந்த ஏக்கம் டென்மார்க்கிலே நிறைவேறியது. நோபல் பரிசு பெற்ற ஓகஸ்ற் குறோ என்ற உடற்றொழிலியல் அறிஞரின் மனைவி மாரி தாமும் ஒரு வைத்தியர், நீரிழிவு நோயாளியுமாவார். 1922இல் குறோ ரொறன்ரோ சென்று, இன்சுலின் செய்யும் உரிமையைப் பெற்றுத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடன் சேர்ந்து உழைத்தவர் ஹாகடோன் என்ற வைத்தியர். ட்ரவுட் என்ற மீனின் விந்திலிருந்து எடுத்த புரோத்தமீன் என்னும் புரதத்தை இன்சுலினோடு கலந்தால், அது தோலின் கீழ் எளிதிற் கரையாது தங்கி, சிறிது சிறிதாகக் குருதியிற் சேரும் என்பதை அவர் 1936இல் உலகுக்கு அறிவித்தார். அதே காலத்தில் ரொறன்ரோவைச் சேர்ந்த ஸ்கொற், பிஷர் ஆகிய இருவர் அதனோடு நாகத்தையும் சேர்த்தனர். மருந்து ஒரு முழு நாளுக்கு மேலும் நின்றது. காலையில் ஒரே ஊசி. நோயாளருக்கு விடுதலை கிடைத்ததென்றே வைத்திய உலகம் மகிழ்ந்தது.

ஆனால் காலையில் ஏற்றிய அம்மருந்து தன் முழு வலுவையும் இரவிலே காட்டியது. அந்நேரத்தில் வயிறோ வெறுமை. பழைய மருந்தாற் சீனி தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், கடும்பசி என்று உடல் உரத்துக் கூவும். விழித்திருப்பவர் உடனே சீனியை வாயிலிடுவார். புதிய மருந்து மெல்ல மெல்ல இறக்கியது. அறிகுறிகளும் மெல்ல வந்தன. தீக்கனவு, நனைந்த தலையணை, விடியலில் தலையிடி, எழுப்பினால் தடுமாறிய பேச்சு. நள்ளிரவில் வியர்த்துப் பிதற்றுபவரைப் பேய் பிடித்ததென்று கருதித் திருநீறு போட்டு நூல் கட்டிய வீடுகளை எங்கள் பக்கத்திலும் நான் அறிவேன். திருநீறு போடுவதில் தவறில்லை. அதற்கு முன் சீனித்தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். படுக்கைக்குப் போகுமுன் ஒரு குவளை பாலும் பிஸ்கற்றும் உண்ணுமாறு வைத்தியர்கள் அந்நாளிலே விதித்தனர். மருந்து செய்த வேலையை உணவு ஈடுசெய்தது.

ஹாகடோன் குழுவினர் ஓயவில்லை. 1946இல் புரோத்தமீனையும் இன்சுலினையும் மீதமின்றிப் பொருந்தும் அளவிற் சேர்த்து இன்னொரு வகையை உருவாக்கினர். 1950இல் அது விற்பனைக்கு வந்தது. இதுவே ஐசோபேன் எனவும் 'என்.பி.எச்' எனவும் வழங்குவது. பாலைப் போன்று கலங்கித் தோன்றும். அடுத்த சில ஆண்டுகளில் ஹல்லாஸ் மொல்லர் என்பவர் மீன் புரதமின்றி, நாகத்தாலும் பளிங்கின் பருமனாலுமே வேகத்தை மாற்றி 'லென்றே' வகைகளைச் செய்தார். லென்றே வகைகள் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஐசோபேன் மட்டும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஏழை நாடுகளின் மருந்தாக நிலைத்திருக்கின்றது.

இனி மணிக்கணக்குக்கு வருவோம். ஐசோபேன் ஏற்றி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வேலை தொடங்கும், நான்காம் மணிக்கும் பத்தாம் மணிக்கும் இடையில் உச்சம் பெறும், பின் தளரும். இரவு ஏழு மணிக்குச் சோற்றுக்கு முன் ஏற்றினால் உச்சம் நள்ளிரவை அண்டி வரும். மனித உடலுக்கோ நள்ளிரவு முதல் மூன்று மணி வரையிற்றான் இன்சுலின் மிகக் குறைவாகத் தேவை. விடியற்காலையில் உடல் தானே சில ஓமோன்களைச் சுரந்து, ஈரலிலிருந்து சீனியை வெளிவிடச் செய்யும். அப்பொழுது இன்சுலினின் தேவை ஏறும். தேவை குறைந்த வேளையில் மருந்து மிகுதி, தேவை மிகுந்த வேளையில் மருந்து குறைவு. பருவம் தப்பித் திறந்த குளத்து நீர் போலத்தான்.

பரிகாரம் எளிது. அளவை அல்ல, நேரத்தையே மாற்றினார்கள். ஐசோபேனை இராச் சோற்றோடு ஏற்றாமல் பத்து மணியளவில், படுக்கைக்குப் போகும் வேளையில் ஏற்றினால், அதன் உச்சம் விடியலோடு பொருந்தும். இத்தாலியின் பெரூஜியா நகரத்து வைத்தியர்கள் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2002இல் முடிவை வெளியிட்டனர். படுக்கை நேரத்து ஊசியால் இரவுத் தாழ்ச்சி குறைந்தது. காலைச் சீனியும் சீரடைந்தது.

இத்துணை எளிய பரிகாரம் வரப் பல்லாண்டு சென்றதேன்? இரவை எட்டிப் பார்க்கும் கருவி நெடுங்காலம் வீட்டில் இல்லை. பெனடிக்ற் கரைசலிலே சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்ப்பதே வழக்கம். நீலமென்றால் சீனி இல்லை, செங்கல் நிறமென்றால் மிகுதி. இரவெல்லாம் சேர்ந்த சிறுநீர், இரண்டு மணிக்குச் சீனி தாழ்ந்ததைச் சொல்லாது. அமெரிக்காவிலே சோமோஜி என்ற உயிரிரசாயன அறிஞர், இரவில் தாழ்ந்த சீனி உடலின் எதிர்ப்பால் காலையில் மிகுந்து தோன்றலாம் என வாதிட்டார். அவ்வாறாயின் காலை நிறத்தைக் கண்டு மாலை ஊசியைக் கூட்டுவது தீயில் நெய் வார்ப்பதாகும். பிற்கால ஆய்வுகள் அவருடைய விளக்கம் பெரும்பாலும் பொருந்தாதெனக் காட்டின. இரவு ஊசியின் வலு விடியுமுன் தீர்வதே அடிக்கடி காணும் காரணம். எனினும் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை சோதித்துப் பாராது இரவு மருந்தைக் கூட்டலாகாது என்ற அறிவுரை நிலைபெற்றது. விரல் நுனியிற் குருதி எடுத்துப் பார்க்கும் சிறு கருவி வீடுகளுக்கு வந்த பின்னரே அது நடைமுறையாயிற்று.

1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரும் ஆய்வொன்றின் முடிவு வந்தது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காக்கப்படும். ஆனால் கடுந்தாழ்ச்சிகள் மும்மடங்காகும். அவற்றுட் பாதிக்கு மேல் உறக்கத்தில் நிகழ்ந்தவை.

2000ஆம் ஆண்டில் கிளாஜின் என்ற இன்சுலின் வந்தது. போத்தலிலே தெளிந்த நீராயிருந்து, தோலின் கீழ்ச் சென்றதும் நுண்துகளாகப் படிந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் பெரிய உச்சமின்றிக் கரையும். இரவுத் தாழ்ச்சி இதனால் ஐசோபேனிலும் குறைந்தது. முற்றாக மறையவில்லை. படுக்கை நேரத்தில் ஏற்றியவர்களைவிடக் காலை உணவோடு ஏற்றியவர்களுக்கு இரவுத் தாழ்ச்சி குறைவென 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐசோபேனைப் பின்னுக்கு நகர்த்தியது போல், இதனைக் காலைக்கு நகர்த்தினர்! பின்னர் நாற்பது மணிக்கு மேல் நிற்கும் டெக்லுடெக் வந்தது. வாரம் ஒரு முறை ஏற்றும் ஐகோடெக் 2024இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. சிறு வயதிலேயே இன்சுலின் சுரப்பை இழக்கும் முதலாம் வகை நோயாளருக்கு நாள்தோறும் ஏற்றும் மருந்தைவிட அது தாழ்ச்சியை மிகுதிப்படுத்தியதையும் ஆய்வு காட்டிற்று. 1936இன் கதை மீண்டும்.

வன்னியில் இக்கதை எந்த அத்தியாயத்தில் நிற்கின்றது? அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் பலர் இலவசமாகப் பெறுவது முப்பது பங்கு குறுநேர இன்சுலினும் எழுபது பங்கு ஐசோபேனும் கலந்த மருந்தே. காலை உணவுக்கு முன் ஒன்று, இராச் சோற்றுக்கு முன் ஒன்று. நான் மேலே சொன்ன நள்ளிரவு உச்சம் இதற்கும் உண்டு. ஆயினும் இக்கலவையைத் தாமாகப் படுக்கை நேரத்துக்குத் தள்ளுவது பெருந்தீங்கு. கலந்திருக்கும் குறுநேர மருந்து சோறில்லாத வயிற்றில் வேலை செய்துவிடும். நேரத்தைப் பிரிக்க வேண்டுமாயின் இரண்டு போத்தலாகப் பிரித்து எழுதித் தர வைத்தியரே வேண்டும். கேட்டால் தருவார்கள், கேட்கவேண்டுமென்பது பலருக்குத் தெரியாது.

எங்கள் நிலத்து வாழ்வு அந்த உச்சத்தை இன்னும் கூர்மையாக்குகின்றது. பகலெல்லாம் வயலிற் சூடடித்தவரின் தசைகள் இரவிலும் குருதியிலிருந்து சீனியை இழுத்துக்கொண்டிருக்கும். மாலையிற் கள் அருந்தினால், தாழ்ந்த சீனியை ஈடுசெய்ய ஈரல் புதிதாகச் சீனி ஆக்குவதை அது தடுக்கும். கந்தசஷ்டி விரதத்திலும் சிவராத்திரியிலும் வட்டாப்பளை வைகாசிப் பொங்கலிலும் சோற்று நேரம் மாறும். ஊசி நேரமோ வழக்கப்படி நிற்கும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்துக் கிராமங்களையும் விட்டுவைக்கவில்லை. இன்சுலினைக் குருதியிலிருந்து நீக்குவதிற் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்குண்டு. அது பழுதுபட்டால் நேற்று வரை பொருந்திய அதே அளவு இன்று நெடுநேரம் நின்று நள்ளிரவில் வீழ்த்தும். 'சீனி தானாகக் குறைந்து வருகிறது, வருத்தம் மாறுகிறது' என்று மகிழ்வோர் முதலிற் சோதிக்க வேண்டியது சிறுநீரகத்தையே.

போர்க்காலத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நெடுங்காலம் பொது மின்சாரம் இருக்கவில்லை. ஈர மணலிற் புதைத்த மண்பானையே இன்சுலினுக்குக் குளிர்ப்பெட்டி. வெப்பத்தில் வலுவிழந்த மருந்துக்கு அளவைக் கூட்டிப் பழகியவர், புதிய நல்ல போத்தல் கிடைத்ததும் அதே அளவை ஏற்றினால் அன்றிரவு என்ன நிகழும்? 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையே மாறும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலினும் தரம் இழக்கவில்லையென 2021இல் எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபொழுது, அந்தப் பானைகளையே நினைத்தேன். 2009இல் செட்டிகுளத்து முகாம்களிலோ சிக்கல் வேறு: ஊசியின் நேரம் நோயாளியின் கையில், வரிசையில் வரும் சோற்றின் நேரம் பிறர் கையில்.

நள்ளிரவில் ஒருவர் வியர்த்துத் தடுமாறினால், சோதிக்கக் கருவியிருந்து 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினாலும், கருவியே இல்லாவிட்டாலும், விழுங்கக்கூடியவராயின் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுக்கலாம். கால் மணி நேரத்தில் மீண்டும் பார்த்து, தேறியபின் ஏதேனும் உண்ணக் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. பக்கவாட்டிற் கிடத்தி, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வருவிக்க வேண்டும்.

கிளினிக் கொப்பிகள் சிலவற்றை அயலவர் என்னிடம் வாசிக்கக் கொண்டுவருவதுண்டு. அவற்றில் 'காலை', 'இரவு' என்ற இரண்டு சொற்களும் அலகின் எண்ணிக்கையும் இருக்கும், மணி இராது. நகரத்திலிருக்கும் வைத்தியருக்கு இரவு எட்டரை மணி. முத்தையன்கட்டுப் பக்கத்து விவசாயிக்கு, யானைக் காவலுக்குப் போகுமுன் உண்ணும் ஆறரை மணியும் இரவுதான். காவற்கொட்டிலில் அவர் தனியே இருக்கும் பன்னிரண்டு மணியும் இரவுதான். எனவே கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்பொழுது, எத்தனை மணிக்கு ஏற்றுகிறார், எத்தனை மணிக்கு உண்கிறார் என்று அவரையே கேட்டு, அந்த இரண்டையும் பென்சிலால் ஓரத்திற் குறித்து, அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டச் சொல்லி அனுப்புகின்றேன்.