சாளரங்களைச் செய்த கைகள்

கணினியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர் அதனைக் கம்பெனி அதிபர்களின் வரலாறாகவே எழுதிவைத்திருக்கின்றனர். இன்ன நிறுவனம் இன்ன ஆண்டில் இன்ன பொறியைச் சந்தைக்கு அனுப்பிற்று, அதன் தலைவர் பெருஞ்செல்வரானார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அரசர் பட்டியலைச் சரித்திரமென்று கற்பித்த பழைய முறைக்கும் இதற்கும் அதிக பேதமில்லை. எங்கள் கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் இரண்டாம் அக்கபோதியா, குளக்கோட்டனா என்று வழக்காடுவோர் இன்றும் உளர். மண் சுமந்தவர் யார் என்று வழக்காடுவோரை நான் கண்டதில்லை.

இன்று கணினித் திரையில் நாம் காணும் சாளரம், பொத்தான், பட்டியல் ஆகியவற்றுக்கும் இத்தகைய மண் சுமந்த வரலாறு ஒன்று உண்டு. 1963இல் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனாவினால் திரையிற் கோடு வரைந்து காட்டினார். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் சக்கரம் பொருத்திய சுட்டியை ஆயிரம் பேர்வரை கூடிய அவையில் இயக்கிக் காட்டினார். இவ்விருவர் ஆய்வுக்கும் பொதுப்பணமே பெரிதும் செலவாயிற்று. அதிலும் அமெரிக்க இராணுவத்தின் பணம். பின்னாளில் ‘தனியார் முயற்சியின் அற்புதம்’ என்று இதனைப் புகழ்வோர் இந்த விவரத்தை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

ஆசிரியராகிய நமக்கு மிகவும் உவப்பான அத்தியாயம் அடுத்து வருகிறது. கலிபோர்னியாவில் சீராக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1973இல் ‘ஆல்டோ’ என்னும் கணினி உருவாயிற்று. அங்கே ஆலன் கே, அடெல் கோல்ட்பர்க் முதலியோர் ‘ஸ்மால்டாக்’ என்ற செய்நிரல் மொழியை ஆக்கிக்கொண்டிருந்தனர். அம்மொழியைச் சோதித்துப் பார்க்க அவர்கள் அழைத்தது வங்கி அதிகாரிகளையல்ல. அண்மையிலிருந்த பள்ளிக்கூடத்துச் சிறுவர் சிறுமியரை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தம் கையாற் சித்திரம் வரையும் செய்நிரல்களை எழுதினர். கற்ற சிறுமி ஒருத்தி தன்னிலும் இளையோருக்கு வகுப்பெடுக்கவுஞ் செய்தாள். மாணவப் பருவத்திலேயே அக்கூடத்திற்குச் சென்ற புரூஸ் ஹோர்ன், பின்னர் மக்கின்டோஷ் கணினியில் கோப்புகளைக் காட்டும் ‘ஃபைண்டர்’ செய்நிரலை எழுதியோருள் ஒருவரானார். சாளரங்களாலான திரையைப் பயன்படுத்துவோனும் ஆக்குவோனும் ஒருவனாகவே இருக்கலாம் என்ற கருத்து அன்று வெறுங் கனவாக இருக்கவில்லை. பிள்ளைகள் அதனைச் செய்து காட்டினர்.

சந்தை அக்கருத்தை இரண்டாகப் பிளந்தது. 1983இல் ஆப்பிள் வெளியிட்ட ‘லிசா’வின் விலை 9,995 டாலர், மறு ஆண்டு வந்த மக்கின்டோஷின் விலை 2,495 டாலர். மலிவான மக்கின்டோஷுக்குச் செய்நிரல் எழுத விரும்பியவன் தொடக்கத்தில் விலையுயர்ந்த லிசாவையே வாங்கவேண்டியிருந்தது! பயன்படுத்துவோனுக்கு ஒரு விலை, ஆக்குவோனுக்கு வேறொரு விலை. 1985 நவம்பரில் மைக்ரோசாப்டின் ‘விண்டோஸ்’ வந்தபோதும் நிலைமை எளிதாகிவிடவில்லை. ஒரு வெற்றுச் சாளரத்தைத் திறந்து ஒரு வாழ்த்துச் சொல்லைக் காட்டுவதற்கே ‘சி’ மொழியிற் பல பத்து வரிகள் எழுதவேண்டும்.

இந்தக் கடினம் சொற்களின் எண்ணிக்கையில் மாத்திரம் இல்லை. பழைய முறையில் செய்நிரல் கேட்கும், மனிதன் விடை கூறுவான். சாளர முறையில் செய்நிரல் காத்திருக்கவேண்டும். மனிதன் எப்பொத்தானை எப்பொழுது அழுத்துவான் என்று அதற்குத் தெரியாது. அவன் செய்யும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உரிய விடையை முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். சிந்தனையே தலைகீழாகிறது. 1991இல் வெளியான ‘விஷுவல் பேசிக்’ இதனை எளிதாக்கிற்று: பொத்தானைச் சுட்டியால் இழுத்துப் படிவத்தில் வைத்து, அதன் பின்னே சில வரிகள் எழுதினால் போதும். 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் சாதாரண மாணவருக்கென ஆக்கப்பட்ட ‘பேசிக்’ மொழியே அதற்கு அடிப்படை. எனினும் அக்கருவி ஒரு கம்பெனியின் உடைமை. பிற்காலத்தில் அக்கம்பெனி வேறு பாதையிற் சென்றபோது, அதனையே நம்பித் தொழில் கற்றோர் நடுவழியில் நின்றனர்.

மாற்றுவழியை மாணவர்களே திறந்தனர். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் பீற்றர் மாட்டிஸ், ஸ்பென்சர் கிம்பால் இருவரும் ‘கிம்ப்’ என்னும் படத்தொகுப்புச் செய்நிரலை எழுதுகையில், பொத்தான்களுக்காகத் தாம் பயன்படுத்திய ‘மோட்டிஃப்’ என்னும் தனியுடைமைத் தொகுதியில் வெறுப்புற்று, சொந்தமாகவே ஒன்றை ஆக்கினர், அதுவே ‘ஜி.டி.கே.’ 1996 அக்டோபரில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் ‘கே.டி.இ.’ திட்டத்திற்கு அழைப்பு விடுத்தார். அவர் தேர்ந்த நார்வே நாட்டு ‘க்யூட்’ தொகுதி அந்நாளில் முழுச் சுதந்திரமுடையதாக இல்லை என்று எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பிலிருந்து 1997இல் ‘க்னோம்’ பிறந்தது. வாதப் பிரதிவாதம் வீண்போகவில்லை: 2000இல் க்யூட்டும் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்தது.

தமிழுக்கு வருவோம். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செயலியை ஆக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குக் கற்பித்தவரும் சிறுகதையாசிரியருமான நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாக வழங்கினார். எனினும் திரையின் பொத்தானில் தமிழ் ஏறுவது இலேசாக நிகழவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தை நோக்குங்கள். நினைவகத்தில் ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து நிற்கும். திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமரவேண்டும். க்யூட்டும், ஜி.டி.கே.க்குத் துணையான ‘பாங்கோ’வும் இந்நுட்பத்தைக் கற்றுக்கொண்டன. பைதன் மொழியோடு இலவசமாக வரும் ‘டிகேஇன்டர்’ லினக்ஸில் நெடுங்காலம் கற்கவில்லை. உயர்தர வகுப்பிற் பைதன் பயிலும் நம் மாணவன் தன் முதற் சாளரத்தை ஆக்கக் கைக்கெட்டும் கருவியோ அதுதான்!

கந்தளாயின் சீனித் தொழிற்சாலை செக்கோசிலோவாக்கிய நாட்டின் உதவியோடு எழுந்தது, 1993இல் மூடப்பட்டது. பொறியை இயக்கப் பழகுவது வேறு, ஆக்கப் பழகுவது வேறு என்பதை இவ்வூரார்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கரும்பு பிழியும் பொறியைச் செய்ய உருக்காலை வேண்டும், ஜி.டி.கே.யின் மூலநிரலைத் திறந்து படிக்கப் பழைய கணினி ஒன்றே போதும். பிழை கண்டவன் திருத்தியனுப்பலாம். தகுதியானதாயின் அது உலகெங்கும் செல்லும். இதற்கு ஆங்கில அறிவு வேண்டுமே என்பர். வேண்டும், அதனாலேயே விளக்க நூல்கள் தமிழிலும் சிங்களத்திலும் வரவேண்டுமென்கிறோம்.

எங்கள் மாணவர் சிலர் கூட்டுறவுக் கடையின் அரிசிக் கணக்குக்கு ஒரு படிவம் ஆக்கத் தொடங்கியிருக்கின்றனர். பொத்தானில் ‘சேமி’ என்று எழுதுவதா, ‘பதிவுசெய்’ என்று எழுதுவதா என்பதில் இரு கட்சியாயினர். சிங்களம் பேசும் வாடிக்கையாளருக்காக அதனருகே ‘சுரகின்ன’ என்றும் வேண்டுமென்பதில் மட்டும் கட்சியில்லை. சொல் இன்னும் முடிவாகவில்லை; பொத்தான் இப்போதைக்கு வெறுமையாக இருக்கிறது, அழுத்தினால் வேலை செய்கிறது.