எண்ணப்படாத ஹிட்

2006-இல் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது நான் மேருவில் ஐந்தாம் படிவத்தில் இருந்தேன். யோகி பியும் நட்சத்திராவும், அதாவது டாக்டர் பர்னும் எம்சி ஜெஸும், சேர்ந்து செய்த தமிழ் ஹிப்ஹாப். அதிலிருந்த 'மடை திறந்து' எங்கள் தாமானில் ஒலிக்காத வீடே இல்லை. பள்ளி வேனில், கார் கழுவும் கடையில், கல்யாண மண்டப வாசலில் எல்லாம் அதுதான். 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா 1980-இல் போட்ட மெட்டு அப்பாவுக்கு மனப்பாடம். "என்னடா இது, பாட்டுக்கு நடுவுல சண்டை போடுறானுங்க?" என்றார். இரண்டே வாரம், அவர் லாரியிலும் அதே சிடி.

அந்தப் பாட்டு அந்த வருடம் எத்தனையாவது இடம் என்று இன்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தரவரிசை என்பது மக்களின் ரசனை என்று நாம் நம்பிவிடுகிறோம். அது முதலில் ஒரு கணக்கு வழக்கு. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை 1958-இல் 'ஹாட் 100' பட்டியலைத் தொடங்கியது. அதற்கு முன்பே, இலங்கை வானொலியில் அமீன் சயானி, 1952-இல் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வில் இந்திப் பாடல்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை 1991-இல் நடந்தது. அதுவரை எந்த ஆல்பம் நன்றாகப் போகிறது என்பதைக் கடைக்காரர்கள் வாயால் சொல்வார்கள், பில்போர்டு எழுதிக்கொள்ளும். அந்த மே மாதம், கல்லாவில் பார்கோடு வழியாகப் பதிவாகும் விற்பனையை எண்ண ஆரம்பித்தார்கள். அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழு முதலிடத்தில் நின்றது! ராப் கேட்பவர்கள் ஒரே மாதத்தில் பிறந்துவிடவில்லை. அதுவரை அவர்களைச் சரியாக எண்ணவில்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊரில் தமிழர்கள் ஹிட் கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள், மலாயில். பினாங்கைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் 'அல்லிகேட்ஸ்' குழு 1980களில் மலாய் இசையின் உச்சத்தில் இருந்தது. 2007-இல் லோகநாதன் இறந்தபோது மலாய்க்காரர்களும் சீனர்களும் சேர்ந்துதான் துக்கப்பட்டார்கள். யோகி பி முன்பு இருந்த 'பொயட்டிக் அம்மோ'வும் 1998-இல் ஆங்கிலம், மலாய், கேண்டனீஸ், தமிழ் என நான்கு மொழியில் ஆல்பம் போட்டது. தமிழ் அதில் ஒரு பங்கு. 'வல்லவன்' முழுக்கத் தமிழையே நம்பி இறங்கியது. அந்தத் துணிச்சலை நாங்கள் எப்படிக் கொண்டாடினோம்?

திருடித்தான். கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் அசல் சிடி விற்றார்கள். நான் வாங்கவில்லை. பாசார் மாலாமில் காப்பி கிடைத்தது, சில வெள்ளிகள் போதும். அதையும் ஒருத்தன்தான் வாங்கினான். அவனிடமிருந்து நான் பதினேழு சிடி எரித்துக் கொடுத்தேன், ஆளுக்கு ஒரு வெள்ளி. பெருமையாக வேறு இருந்தது, பாட்டை நானே பரப்புகிறேன் என்று. அந்தப் பதினேழில் ஒன்றுகூட எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. பாடியவர்களுக்கு ஒரு சென்கூடப் போயிருக்காது.

பிறகு அவர் குரலை சென்னை கூப்பிட்டது. 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸ், 2017-இல் 'விவேகம்' படத்தில் அனிருத்துடன் 'சர்வைவா'. இப்போது ஒவ்வொரு சொடுக்கும் கணக்கில் ஏறுகிறது, தமிழ் சினிமாவின் கணக்கில். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் சந்தோஷம். தோட்டத்துப் பிள்ளைகளும் தாமான் பிள்ளைகளும் முதலில் தூக்கிப் பிடித்த குரல் என்று எந்தப் பட்டியலும் சொல்லப்போவதில்லை.

போன தீபாவளிக்கு அப்பாவின் பழைய லாரியை விற்றோம். டேஷ்போர்டு அறையைக் காலி செய்யும்போது அந்த சிடி கிடைத்தது. மேலே மார்க்கரில் என் கையெழுத்து: 'வள்ளவன்'. "இதை வச்சுக்கவா, தூக்கிப் போடவா?" என்று அப்பா கேட்டார். வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.