ஈயம் பூசிய கதை



வேதியியல் துறைப் பழைய மாணவர் என்ற முறையில் இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். கூடவே, "சமன்பாடு எல்லாம் போட்டா யாரும் படிக்க மாட்டாங்க, வரலாறா எழுதிக் கொடுங்க" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். நியாயமான நிபந்தனைதான். ஆகவே சமன்பாடு ஒன்றுகூட இல்லாமல், எலக்ட்ரோடு எனப்படும் மின்முனையின் வரலாற்றையும், அதில் நம் தமிழ்நாட்டின் பங்கையும் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற வழக்கம் இருந்தது நினைவிருக்கும். பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறிவிடும். பாத்திரம் என்னவோ பித்தளைதான். ஆனால் குழம்பு தொடுவது ஈயத்தை மட்டும்தான். நம் காஞ்சிபுரத்து ஜரிகையும் இப்படித்தான். உள்ளே பட்டு இழை, அதன்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதற்கும் மேலே மின்முலாமாக ஏறிய தங்கம். கண்ணுக்குத் தெரிவது அந்தக் கடைசிப் பூச்சு ஒன்றுதான்.

மின்முனையின் கதையும் இதுவே. ஒரு கரைசலுக்குள் மின்சாரம் போக வேண்டுமானால் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல்தான் மின்முனை. வேதிவினை நடப்பது உலோகத்தின் வயிற்றுக்குள் அல்ல, கரைசலைத் தொடுகிற அந்த மெல்லிய தோலில். தோலை மாற்றினால் வேலையும் மாறும். இந்தச் சின்ன உண்மையை உலகம் முழுமையாகப் புரிந்துகொள்ள நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1800-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு வோல்டா இரண்டு வகை உலோக வில்லைகளை மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து முதல் மின்கல அடுக்கைச் செய்தார். 1834-ல் ஃபாரடே, ஆனோடு, கேத்தோடு, எலக்ட்ரோடு என்ற பெயர்களை வழக்குக்குக் கொண்டுவந்தார். 1859-ல் பிரான்சில் பிளான்டே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்ப மின்னேற்றிச் சேமக்கலம் கண்டார். நம்ம ஊர் லாரிக்கும் டிராக்டருக்கும் இன்றைக்கும் உழைக்கிற பேட்டரி அதன் வாரிசுதான். ஆனால் பிளான்டேயின் தகடு பதமாகப் பல வாரங்கள் பிடித்தன. 1881-ல் ஃபோர் என்பவர் ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின்மேல் அப்பினார். அதே ஈயம், அதே அமிலம். தகட்டின் மேற்பரப்பை மாற்றியதும் சேமிப்பு பல மடங்கு கூடியது. பிற்காலத்தில் 'திருத்திய மின்முனை' என்று பெயர் பெற்ற கருத்தின் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்றால் மிகையாகாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948 ஜூலை 25-ஆம் நாள், காரைக்குடியில் பிரதமர் நேரு ஓர் அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்த நிறுவனம் அது. 1953 ஜனவரி 14-ஆம் நாள் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். அதுவே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஊர்க்காரர்கள் வாயில் 'சிக்ரி'. சென்னையோ பம்பாயோ அல்ல, செட்டிநாட்டின் வானம் பார்த்த பூமி! அங்கே மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வுக்கூடம் எழுந்தது ஒரு தனிமனிதரின் கொடையால். அழகப்பர் ஐம்பது வயதைத் தொடாமலே 1957-ல் மறைந்தார். அவர் கொடுத்த நிலம் இன்றும் வேலை செய்கிறது.

சிக்ரியின் பணிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேட்டூர், சாகுபுரம் போன்ற ஊர்களில் உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிற ஆலைகள் உண்டு. இவ்வகை ஆலைகளில் முன்பு கிராஃபைட் மின்முனைதான். அது சோப்புக்கட்டி மாதிரி கரைந்துகொண்டே வரும். கரையக் கரைய இடைவெளி கூடும். இடைவெளி கூடக் கூட மின்செலவும் ஏறும். டைட்டானியம் கரையாதுதான், ஆனால் வெறும் டைட்டானியத்தை வைத்தால் அதன்மேல் ஆக்சைடு படலம் ஏறி மின்சாரத்தையே தடுத்துவிடும். 1960-களில் ஹென்றி பியர் என்பவர் டைட்டானியத்தின்மேல் ருத்தேனியம் ஆக்சைடை மெல்லப் பூசி இந்தச் சிக்கலைத் தீர்த்தார். அந்த வகை மின்முனையை உள்நாட்டிலேயே செய்யும் முறையை உருவாக்கித் தொழிலுக்குக் கொடுத்தது சிக்ரி. ஆலை வாசலில் போகிறவருக்கு இது தெரியாது. மின்கட்டணம் கட்டுகிறவருக்குத் தெரியும்!

இது ஒருபுறமிருக்க, அளந்தறியும் துறையிலும் இதே பாடம் வேறு வழியில் வந்தது. கரைசலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மின்முனை பதில் சொல்லும். ஆனால் இரண்டு மூன்று கேள்வி கேட்டதும் அழுக்கேறி ஊமையாகிவிடும். பிராக் நகரத்து ஹெய்ரோவ்ஸ்கி 1922-ல் சொட்டும் பாதரசத்தையே மின்முனையாக்கினார். ஒவ்வொரு சொட்டும் புதுத் தோல். அதற்கு 1959-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1956-ல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் பிளாட்டினத்தின்மேல் மெல்லிய பாலித்தீன் படலம் போர்த்தி, இரத்தத்தில் கரைந்த ஆக்சிஜனை அளந்தார். 1962-ல் அதன்மேல் குளுக்கோஸை மட்டுமே தேடிப் பிடிக்கிற நொதியைச் சேர்க்கும் யோசனையை வெளியிட்டார். சர்க்கரை அளக்கும் கருவியின் பூர்வீகம் இதுதான்.

1970-களின் நடுவில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். 1973-ல் லேன், ஹப்பர்ட் இருவரும், 1975-ல் ராய்ஸ் மர்ரே குழுவினரும், மின்முனையின் தோலில் நமக்கு வேண்டிய மூலக்கூறுகளையே நட்டு வைக்கலாம் என்று காட்டினார்கள். நாற்றங்காலில் வேண்டிய நாற்றை வேண்டிய இடத்தில் நடுகிற மாதிரி! 1984-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள், நொதிக்கும் கார்பனுக்கும் இடையே எலக்ட்ரானைச் சுமக்கிற தூதுவனாக ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தை வைத்தார்கள். 1987-ல் பேனா அளவில் சர்க்கரைமானி கடைக்கு வந்தது. இன்று அதன் பட்டையைக் கல்யாணப் பையில் பெயர் அச்சடிக்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில், கார்பன் மையைக் கொண்டு லட்சக்கணக்கில் அச்சடிக்கிறார்கள்.

இங்கே நம் முன்னோர் சொன்ன பழமொழி ஒன்று அப்படியே பொருந்துகிறது: "ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்." பூச்சு தடித்தால் மின்சாரம் நுழையாது. மெலிந்தால் வேண்டாத சரக்கெல்லாம் உள்ளே வந்துவிடும். இந்தத் துறையின் முழுச் சிரமமும் அந்த ஒரு வரியில் அடக்கம்.

மின்சாரத்தைச் சேமிக்கும் துறையில் தமிழர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. தென் தமிழகத்தில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் பட்டமும் முதுகலையும் படித்து, 1981-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவரானார். பின்பு ஆக்ஸ்ஃபோர்டிலும் டெக்சாஸிலும் பேராசிரியர் குட்இனஃபுடன் உழைத்தார். குட்இனஃப் குழு 1980-ல் கண்ட லித்தியம் கோபால்ட் ஆக்சைடு மின்முனைதான் 1991-ல் சந்தைக்கு வந்த லித்தியம் பேட்டரிக்கு அடிப்படை. ஆனால் கோபால்ட் விலை கூடியது, அரியது. 1980-களின் பிற்பகுதியில் மந்திரமும் குட்இனஃபும், ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் போன்ற தொகுதிகளை வைத்தால் மலிவான இரும்பிலேயே கூடுதல் மின்னழுத்தம் பெறலாம் என்று காட்டினார்கள். அந்த வழியில் 1997-ல் வந்தது லித்தியம் இரும்புப் பாஸ்பேட். அதற்கும் ஒரு குறை இருந்தது. மின்சாரம் அதனுள் நத்தை வேகத்தில்தான் நகரும். தீர்வு என்ன தெரியுமா? ஒவ்வொரு துகளின்மேலும் மெல்லிய கார்பன் பூச்சு. மறுபடியும் ஈயம் பூசுகிற கதைதான்! இன்று மின்சார ஆட்டோவிலும் பேருந்திலும் இவ்வகை பேட்டரிகள் ஓடுகின்றன. 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவர் நம் மந்திரம் அவர்கள்.

சேமிப்பில் இன்னொரு வகை மீமின்தேக்கி. பேட்டரி ஏரி என்றால் இது குடம். கொள்ளளவு குறைவு, ஆனால் நொடியில் நிரப்பி நொடியில் கவிழ்க்கலாம். இதன் மின்முனை துளைகள் நிறைந்த கார்பன். எங்கள் ஐயங்கார்குளத்தின் நடவாவிக் கிணற்றைச் சித்ரா பௌர்ணமிக்கு வந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே நின்று பார்த்தால் கிணறு. படியிறங்கிப் போனால் உள்ளே கல் மண்டபமே இருக்கும். கார்பன் துகளும் வெளியே ஒரு பொடி, உள்ளே மண்டபம் மண்டபமாகச் சுவர்கள். ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு உண்டு. குளோரின் எடுக்கப் பயன்பட்ட அதே ருத்தேனியம் ஆக்சைடு, மின்னூட்டத்தையும் சேமிக்கும் என்று 1971-ல் இத்தாலியில் கண்டறிந்ததும் இந்த வரலாற்றின் ஒரு சுவையான திருப்பம்.

"இதனால நம்ம ஊருக்கு என்னங்க?" என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. நம் பாலாற்றின் மேல்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழில் கழிவு நீரையும் மண்ணையும் கெடுத்ததை ஒட்டி 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது நாம் அறிந்ததே. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம், ஒரு வடிவத்தில் பெருந்தீங்கில்லாதது, இன்னொரு வடிவத்தில் நஞ்சு. கண்ணால் பார்த்தோ, குடித்துப் பார்த்தோ இவற்றைப் பிரித்தறிய வழி கிடையாது. தங்க நுண்துகள் பூசிய சிறு மின்முனை இவ்வேறுபாட்டைக் காட்டும். தருமபுரிப் பக்கம் பல்லைக் கெடுக்கிற புளோரைடை அளக்க, 1966-லேயே லாந்தனம் புளோரைடு படிக மின்முனை வந்துவிட்டது. பாட்டிலில் தண்ணீர் பிடித்து நகரத்துக்கு அனுப்பி, வாரக்கணக்கில் முடிவுக்குக் காத்திருப்பது ஒரு முறை. கிணற்றடியில் நின்றபடியே அளந்து, அன்றைக்கே ஊர்க்காரர்களிடம் சொல்வது இன்னொரு முறை. இரண்டாவது முறையில், கேள்வி கேட்கும் உரிமை தண்ணீர் குடிக்கிறவர் கைக்கு வந்துவிடுகிறது. நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

இதற்குத் தேவையான பொட்டென்ஷியோஸ்டாட் என்ற கருவி இன்று கையடக்க அளவில் கிடைக்கிறது. அழகப்பர் 300 ஏக்கர் கொடுத்தார். நாம் எல்லோரும் சேர்ந்து நம் வேதியியல் துறைக்கு இந்த ஒரு கருவியையும் சில பெட்டி மின்முனைப் பட்டைகளையும் கொடுக்க முடியாதா? ஆண்டுதோறும் மூன்றாமாண்டு மாணவர்கள் தத்தம் ஊர் ஏரி, கிணறு, பாலாற்று ஊற்று ஆகியவற்றின் நீரை அளந்து ஒரு பேரேட்டில் எழுதி வைக்கட்டும். பத்தாண்டு சென்றால் அந்தப் பேரேடே ஒரு வரலாறாகும்.

பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய நண்பர்கள் முன்வர வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.