கொம்பில் அடைத்த மருந்து

பழவேற்காட்டு ஏரியில் படகைக் கழியால் தள்ளிக்கொண்டே பெரியவர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். "எங்கப்பா மருந்தை மாட்டுக் கொம்புல போட்டு, மெழுகு வெச்சு அடைச்சு, மோட்டு வளையில கட்டி வெச்சிருப்பாரு. இல்லன்னா ஓதம் ஏறிடும் தம்பி."

"அப்பாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கழி நின்றுவிட்டது. "உடம்புக்கா? உள்ளான் சுடுற மருந்து தம்பி!"

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருமுன் ஏரியில் நாட்டுத் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாள்களின் கதை அது. பறவைகள் இன்றும் வருகின்றன, துப்பாக்கிதான் இல்லை. என் காதில் நின்றது அந்த ஒரு சொல். பெரியவர் 'வெடிமருந்து' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெறும் 'மருந்து' என்றார். வெடிமருந்து என்பது நாளிதழ்க்காரர்களும் காவல்துறையும் சொல்வது. கெட்டித்துச் சுட்டவர்களுக்கு அது மருந்துதான்.

உயிரைக் காப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே பெயரா என்று வியப்பதில் பொருளில்லை. தமிழில் இந்தச் சொல்லுக்கு எப்போதுமே இரண்டு பக்கம். வயலுக்கு அடிப்பது மருந்து, எலிக்கு வைப்பது மருந்து, சோற்றில் கலந்து ஆளை மயக்குவதாகச் சொல்லப்படும் இடுமருந்தும் மருந்து. "மருந்தைக் குடிச்சிட்டான்" என்று ஊரில் யாராவது ஓடிவந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்ததை என்று எவரும் எண்ணுவதில்லை. கொஞ்சமாய் எடுத்து, அளவு பார்த்து, பக்குவமாய்க் கையாளவேண்டிய வீரியமுள்ள பொருள் எதுவோ அது மருந்து. 'மருந்துக்குக்கூட இல்லை' என்ற வழக்கிலும் அந்தக் 'கொஞ்சம்'தானே இருக்கிறது?

எனக்கு வியப்பு வேறிடத்தில். துப்பாக்கியோடு வந்த மற்றச் சொற்களைப் பாருங்கள். துப்பாக்கி, துருக்கியரின் 'துஃபெக்' தெற்கே வந்து உருமாறியது. பீரங்கி, ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி'. பொறி தட்டும் சக்கிமுக்கிக் கல், துருக்கியின் 'சக்மாக்'. பற்றவைக்கும் பொடிக்குக்கூட ரஞ்சகம் என்று வடக்கத்திப் பெயர். கருவிகள் எல்லாம் சொந்தப் பெயரோடு வந்து இறங்கின. உள்ளே போடுகிற பொடிக்கு மட்டும் தமிழ் தன் வீட்டுச் சொல்லை எடுத்துக் கொடுத்தது.

தமிழ் மட்டுமா? தெலுங்கில் 'மந்து', கன்னடத்தில் 'மத்து': இரண்டுக்கும் நோய் மருந்து, துப்பாக்கி மருந்து என்ற இரு பொருளும் உண்டு. சிங்களத்தில் 'வெடி பெஹெத்', அதாவது வெடி மருந்து. பாரசீகத்தில் மருந்தைக் குறித்த 'தாரு' இந்தியிலும் மராத்தியிலும் துப்பாக்கிப் பொடிக்கும், பிறகு சாராயத்துக்கும் பெயரானது. இந்தப் பொடியை முதலில் கண்ட சீனர் அதை 'ஹுவோ யாவ்' என்றார்கள். நெருப்பு மருந்து என்று பொருள். மலாய்மொழியில் 'உபாட் பெடில்'. உபாட் என்றால் மருந்து. பெடில் என்றால் துப்பாக்கி. அது நம் 'வெடில்' கடல் கடந்து போனதுதான் என்று சொல்லாய்வாளர் சிலர் கருதுகிறார்கள். பொருள் போன வழியெல்லாம் பெயரும் மொழிபெயர்ந்துகொண்டே போயிருக்கிறது என்று இதை முடித்துவிடலாம். ஆனால் அது பாதிதான் என்பது என் எண்ணம். மறுபாதிக்குப் பழவேற்காட்டுக்கே திரும்ப வேண்டும்.

பொன்னேரியிலிருந்து அரைமணி நேரப் பேருந்துப் பயணம். ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஊர்ப்பிள்ளைகள் அவற்றைச் சட்டை செய்வதில்லை, வெளியூர்க்காரர்கள்தான் நின்று படம் எடுக்கிறார்கள். கல்லறைகள் நின்ற அளவுக்குக் கோட்டை நிற்கவில்லை. கெல்டிரியா என்ற அந்தக் கோட்டை 1613-இல் எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைமையிடம் அதுதான், 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை. அந்தக் கோட்டையில் 1620-களிலிருந்து ஒரு மருந்துச் சாலை நடந்தது. அங்கே இடித்த மருந்து கீழ்த்திசைத் தீவுகளில் இருந்த டச்சுத் துறைகளுக்குப் போயிற்று. தாய்நாடு திரும்பும் கப்பல்களின் பீரங்கிகளுக்கும் போயிற்று. நாம் துணிக்கும் மிளகுக்குமே நினைவில் வைத்திருக்கும் அந்தக் காலத்துக் கப்பல்களில் ஏரிக்கரையின் கரிப்பொடியும் ஏறியிருந்தது.

அந்த டச்சுக்காரர்கள் அதை என்னவென்று சொன்னார்கள்? 'பஸ்கிராய்ட்'. பஸ் என்றால் குழல், கிராய்ட் என்றால் மூலிகை. 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்களின் 'க்ருட்' என்ற சொல்லும் அதே மூலிகைக் குடும்பம். இதே கரையில் சாந்தோமிலிருந்த போர்ச்சுக்கீசியரும், பின்னால் சென்னையில் இறங்கிய ஆங்கிலேயரும் வெறும் தூசி, பொடி என்றே அதைச் சொன்னார்கள். ஆக, பழவேற்காட்டில் ஒருவருக்கொருவர் மொழி புரியாத இரண்டு கூட்டத்தார் ஒரே பொடியைப் பார்த்து, ஒருவர் மூலிகை என்றார், இன்னொருவர் மருந்து என்றார். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

காரணம் சரக்கிலேயே இருக்கிறது. முக்கால் பங்கு வெடியுப்பு, மீதியில் கரியும் கந்தகமும். கந்தகம் சொறி சிரங்குக்குச் சித்த வைத்தியம் கைக்கொண்ட சரக்கு. வெடியுப்பு நீரடைப்புக்கும் கல்லடைப்புக்கும். சித்தமருத்துவச் சரக்குப் பெயர்களில் வெடியுப்புக்குப் 'பொட்டிலுப்பு' என்றும் 'படைராசன்' என்றும் பெயருண்டு. மூத்திரம் பிரியக் கொடுக்கும் உப்புக்குப் படையின் அரசன் என்று பெயர் வைத்தவர் நகைச்சுவைக்காரரா, பட்டறிவுக்காரரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

செய்முறையும் வைத்தியசாலை வாடைதான். சரக்கைச் சுத்தி செய்வது, ஈரம் காட்டி அரைப்பது, வில்லையாக்குவது, உடைத்துச் சலிப்பது. வெடியுப்பில் சோற்றுப்பு தங்கிவிட்டால் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும்; அப்பளம் போல மருந்தும் நமுத்துப்போகும். கடல் பொங்குவதும் ஓதம், சுவரில் ஈரம் ஏறுவதும் ஓதம் என்று ஒரே சொல்லை வைத்திருக்கிற கரையில் இது சின்னக் குறையல்ல.

பெரியவரின் தகப்பனார் மருந்து பொறுக்கிய விதத்தைக் கேட்டேன். அவர் வலக்கையால் இடது உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டினார். "இப்படித் தேய்ச்சா கரி ஒட்டக்கூடாது. ஒட்டுனா ஈரம். காயிதத்து மேல ஒரு சிட்டிகை வெச்சுக் கொளுத்தினா குப்புனு போயிடணும், காயிதம் பொசுங்கக்கூடாது. கசடு நின்னா அந்த மருந்து வேணாம்."

கல் தட்டும் பழைய துப்பாக்கியில் இந்தப் பொறுக்கல் இன்னும் நுணுக்கம். கல் இரும்பில் உரசிப் பறக்கும் பொறி, பக்கத்துக் கிண்ணியில் இருக்கும் ரஞ்சகத்தில் விழவேண்டும். அங்கே எரிந்த தீ சிறு துளை வழியே குழலுக்குள் போகவேண்டும். கிண்ணிக்கு மாவாய்ப் பொடித்தது. இல்லையென்றால் பொறி பற்றாது. குழலுக்கு மணிமணியாய் உடைத்தது. மணிகளுக்கிடையே சந்து இருந்தால்தான் தீ ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பற்றும். மாவாக இருந்தால் இறுகிப்போய் உள்ளே போன தீ திணறும். வண்டியிலும் கப்பலிலும் குலுங்கும்போது மூன்று சரக்கும் தனித்தனியே பிரிந்துவிடாமல் கட்டி வைப்பதும் அந்த மணிதான். சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் மணிமருந்து, கரிமருந்து என்ற சொற்கள் இன்றும் புழங்குகின்றன. விபத்துச் செய்திகளில்தான் அவை நம் கண்ணில் படுகின்றன.

திரும்பும் வழியில் பொன்னேரியில் ஒரு நாட்டு மருந்துக் கடையைப் பார்த்ததும் ஏறினேன். கல்லாவில் இருந்தவரிடம் வெடியுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். துப்பாக்கியைப் பற்றி அவர் ஏதாவது சொல்லுவார் என்று ஒரு நப்பாசை.

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உப்பாத் தர்றதில்ல சார், சுண்ணம்தான் இருக்கு. கல்லடைப்பா? வைத்தியரைப் பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் தண்ணி நிறையக் குடிங்க."