மாவில்லாத ரொட்டியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

பத்து நாளைக்கு முன்னால் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவன் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. இரண்டு வருடமாக டைப் 1 சர்க்கரை நோய், தினமும் நான்கு ஊசி. "சார், தோழி வீட்டுப் பிறந்தநாளில் எல்லாப் பிள்ளைகளும் பீட்சா சாப்பிட்டிருக்கு. இவ மட்டும் வெள்ளரிக்காயைத் தின்னுட்டு வந்து ராத்திரி பூரா அழுதா. மைதா இல்லாத பீட்சா பேஸ்னு காலிஃபிளவர், பாதாம்னு என்னென்னமோ விக்கிறாங்க. எதை நம்பி வாங்கறது?" என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்க பெரியப்பா ஒருத்தர், மாவுச்சத்தையே நிறுத்திட்டா ஊசியே வேண்டாம்கிறார். உண்மையா சார்?" என்றும் கேட்டான்.

இரண்டாவது கேள்விக்கு அந்த நிமிடமே பதில் சொன்னேன்: ஊசியை மட்டும் ஒருநாளும் நிறுத்திவிடாதே. முதல் கேள்விக்கு என் பழைய குறிப்பேடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. பீட்சா பேஸ் புதுசு, ஆனால் அந்தக் கேள்விக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது.

எட்டாம் வகுப்பில் நான் செய்து காட்டிய சோதனை ஞாபகம் இருக்கிறதா? மைதா மாவைப் பிசைந்து துணியில் கட்டி, தண்ணீரில் கசக்கிக் கசக்கி அலசுவோம். பால் போல இறங்கும் தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம். அதுதான் ஸ்டார்ச். துணிக்குள் மிஞ்சுகிற சவ்வு மாதிரியான பசை குளுட்டன், அதாவது புரதம். இப்படிப் பிரித்ததைப் பற்றி முதலில் எழுதியவர் இத்தாலியின் போலோன்யா நகரத்து பெக்காரி. அவர் கட்டுரை 1745ல் அச்சானது.

அந்தப் பசைக்கு நூறு வருடம் கழித்து ஒரு வேலை வந்தது. நீரிழிவுக்காரர்களை அதற்கு முன்பு படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1797ல் ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், மெரிடித் என்ற அதிகாரிக்கு இறைச்சியும் கொழுப்பும் ரத்தத்தில் செய்த பண்டமுமாகக் கொடுத்தார். சிறுநீரில் சர்க்கரை குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் எத்தனை நாள் ஒரு மனிதன் அப்படிச் சாப்பிட முடியும்? பாரிஸ் நகரத்து அப்போலினேர் பூஷார்தா இதைப் புரிந்துகொண்டவர். பிரெஞ்சுக்காரனிடம் ரொட்டியைப் பிடுங்குவது, நம்மிடம் சோற்றைப் பிடுங்குவது மாதிரி. 1840களில் அவர் மாவிலிருந்து ஸ்டார்ச்சை அலசி எடுத்துவிட்டு, மிஞ்சிய குளுட்டனில் ரொட்டி செய்யச் சொன்னார். (வகுப்பு முடிந்து மிஞ்சிய பசையை ஒருமுறை நான் தோசைக்கல்லில் போட்டுப் பார்த்தேன். செருப்புத் தோல்தான். வீட்டம்மா அதைக் காக்கைக்கு வைத்தார், காக்கையும் தொடவில்லை.)

1870ல் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது ஊரே பட்டினி கிடந்தது. தம் நீரிழிவு நோயாளிகளில் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை மறைந்துபோனதை பூஷார்தா கவனித்தார். என்ன ரொட்டி என்பதோடு எவ்வளவு ரொட்டி என்பதும் கணக்கில் உண்டு என்று அந்தப் பஞ்சம் காட்டிக்கொடுத்தது.

லண்டனில் வேறு இருவர் வேறு வழி பிடித்தார்கள். கேம்ப்ளின் என்ற மருத்துவர் தாமே நீரிழிவுக்காரர். கோதுமைத் தவிட்டை இரண்டு தண்ணீரில் வேகவைத்து, தெளிந்த நீர் வரும்வரை அலசி, காயவைத்து அரைத்து, முட்டை, வெண்ணெய், பால் சேர்த்துச் சுடுவது அவர் முறை. ஃபிரெடெரிக் பேவி பாதாம் மாவைப் பரிந்துரைத்தார். இன்று கடையில் 'கீட்டோ பேஸ்' என்று விலை போட்டிருக்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான்.

ஒரு பண்டம் பேர் வாங்கினால் அதில் கலப்படமும் வந்துவிடும் அல்லவா? அமெரிக்காவில் கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையம் நீரிழிவுக்காரர்களுக்கென்று விற்ற மாவு, ரொட்டி, பிஸ்கட்டுகளை வாங்கிச் சோதித்து 1913ல் பட்டியல் வெளியிட்டது. குளுட்டன் என்று பேர் போட்ட பலவற்றில் ஸ்டார்ச் தாராளமாக இருந்தது. நோயாளி நம்பித் தின்றிருப்பார். பேர் மட்டும்தான் மாறியிருந்தது.

இனி அந்தப் பெரியப்பாவின் கருத்துக்கு வருகிறேன். அது புதிய யோசனை இல்லை, உலகமே ஒரு காலத்தில் செய்துபார்த்ததுதான். 1919ல் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமிக்கு நீரிழிவு என்று தெரிந்தபோது வயது 11. அப்பா சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் பிறகு அமெரிக்க வெளியுறவு அமைச்சரானவர். பணத்துக்கோ வைத்தியருக்கோ குறைவில்லை. அந்நாளின் தலைசிறந்த நிபுணர் ஃபிரெடெரிக் ஆலனிடம் சேர்த்தார்கள். அவர் வைத்தியம் அளந்து போடும் அரைப்பட்டினி. மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்து, இருக்கிற கொஞ்சம் மாவுச்சத்தையும் கழித்த காய்கறிகள் அந்த முறையில் பிரசித்தம். ஆலனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவரிடம் வேறு மருந்து இல்லை. மூன்று வருடம் அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தாள். ஆனால் 1922 ஆகஸ்டில் அவள் எடை சுமார் 20 கிலோ. பதினைந்து வயதுப் பெண்ணின் எடை அது! அதே ஆண்டு ஜனவரியில் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதலாக ஒரு பையனுக்குப் போடப்பட்டிருந்தது. எலிசபெத்தை அங்கே பான்டிங்கிடம் கூட்டிப்போனார்கள். சில வாரத்தில் தட்டில் ரொட்டி வந்தது. படித்து, மணமாகி, பிள்ளை பெற்று, 1981 வரை வாழ்ந்தார். டைப் 1ல் உடம்பு இன்சுலினைச் சுரப்பதில்லை. சோற்றை விட்டாலும் ஊசி வேண்டும், விடாவிட்டாலும் வேண்டும். இதை என் மாணவனுக்கு இரண்டு முறை சொன்னேன். நான் போனில் சொன்னதைப் பெரியப்பாவும் ஸ்பீக்கரில் கேட்டாராம்.

சரி, பேஸ் விஷயம். மைதா 100 கிராமில் சுமார் 75 கிராம் கார்போஹைட்ரேட். கடலை மாவில் அறுபதுக்குச் சற்றுக் கீழே, நார்ச்சத்து அதிகம். இத்தாலியில் ஜெனோவா பக்கம் கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய் கரைத்து அகன்ற செம்புத் தட்டில் சுடும் ஃபரினாட்டா என்ற அடை பழைய பண்டம். ருசியானது, ஆனால் 'குறைந்த மாவுச்சத்து' என்று சொல்ல மாட்டேன். பாதாம் மாவில் இருபது கிராம் வரும், அதில் பாதி நார். விலைதான் உதைக்கும். காலிஃபிளவரில் 100 கிராமுக்கு ஐந்து கிராம்தான். பாஸ்டன் மருத்துவர் ஜாஸ்லின் இன்சுலின் வருமுன்பே போட்ட பட்டியலில், காலிஃபிளவர் ஐந்து சதவீதக் காய்களில்தான் இருக்கிறது. துருவி, ஆவியில் வேகவைத்து, துணியில் போட்டு ஒட்டப் பிழிந்து, முட்டையும் சீஸும் சேர்த்துத் தட்டி, முதலில் வெறுமனே சுட்டுவிட வேண்டும். பிழிவதில் சோம்பல் பட்டால் களிதான்.

அவன் வாங்கிய பாக்கெட்டைப் பின்பக்கம் படிக்கச் சொன்னேன். முன்னால் பெரிய காலிஃபிளவர் படம். பின்னால் பொடி எழுத்தில் அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச். 1913 பட்டியலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். வீட்டில் செய்யும் பேஸ் என்றால் மைதா பீட்சாவுக்குப் போடும் அளவு ஊசி போட்டுவிடக் கூடாது, சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். சீஸ் கொழுப்பினால் நேரம் கழித்து ஏறவும் செய்யலாம். ஆகவே கிராம் கணக்கை எழுதிக்கொண்டு போய் மருத்துவரைக் கேள் என்றேன். கேட்டிருக்கிறான். அப்படியே, அளவு சரியாகப் போட்டால் தோழி வீட்டு மைதா பீட்சாவிலும் ஒரு துண்டு சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னாராம். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

நேற்று அந்தக் குட்டியே வீடியோ காலில் வந்தாள். முதலுதவிப் பெட்டியிலிருந்த போவிடோன் அயோடினை இரண்டு பேஸிலும் ஒவ்வொரு சொட்டு விட்டிருக்கிறாள். கடை பேஸ் கறுத்துவிட்டது. வீட்டில் சுட்டது பழுப்பாகவே இருந்தது, அங்கங்கே மட்டும் கரும்புள்ளிகள். "சார் தாத்தா, இது எப்படி?" என்றாள். துருவி விற்கும் பாக்கெட் சீஸ் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் தூவுவார்கள், அம்மாவிடம் கட்டியாக வாங்கித் துருவச் சொல் என்றேன். அவள் அப்பன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டான்.

"சொட்டு விட்ட துண்டைத் தின்னுடாதே" என்றேன். "அதைத் தூக்கிப் போட்டாச்சு. நான் ரெண்டு துண்டு சாப்பிட்டேன், ஊசி போட்டுக்கிட்டு" என்றாள்.